பூஜ்யத்தில் தொடங்கும் கோடு

கட்டடத்தின் அசைவை அளக்கும் சென்சார் பற்றிய புதுப் பாடத்தைச் சிவில் மாணவர்களுக்கு நடத்தச் சொன்னபோது ஆசிரியைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல்லூரியின் பழைய மாடிப்படியைத் தாங்கும் தூணிலேயே ஒன்றை ஒட்டினாள். தூண் சாய்ந்தால் அது கம்ப்யூட்டரில் கோடாக ஏறும். முதல்வர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதோடு அவர் வேலை முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மதியம், அந்தத் தூண் சரிந்து படிக்கட்டு விழுந்தது. அடியில் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்காரம்மா அங்கேயே இறந்துபோனாள்.

விசாரிக்க வந்த இன்ஜினியர் லேபில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒவ்வொரு வாரமும் கோடு பூஜ்யத்தில் தொடங்கி, மயிரிழை அளவு ஏறி, மறுவாரம் மறுபடி பூஜ்யத்துக்கே வந்திருந்தது.

"சாஞ்ச தூண் வாராவாரம் தானா நிமிருமாம்மா?" என்று ஆசிரியையைக் கேட்டார்.

அவள் சுற்றி நின்ற மாணவர்கள் பக்கம் திரும்பினாள். வகுப்பிலேயே வாயாடி என்று பேரெடுத்த மாணவிதான் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒவ்வொரு வாரமும் லேப் ஆரம்பிக்கும்போது நாங்க ரீசெட் பண்ணிடுவோம் சார். கோடு பூஜ்யத்துல ஆரம்பிக்கலேன்னா மேடம் அஞ்சு மார்க் குறைச்சிடுவாங்க."

"அப்போ சாஞ்சதை எல்லாம் வாராவாரம் நீங்களே அழிச்சிருக்கீங்க."

இன்ஜினியர் மேசையில் அடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அதே பூஜ்யம், அடியில் சிவப்பு மையில் ஆசிரியையின் கையெழுத்து: மிக நேர்த்தி.