உள்ளே யாரோ தூங்குகிறார்கள்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைச் சோதிக்கும் நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. பள்ளியில் சேரப்போகும் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பன்னிரண்டு பயிற்சிகள் கொடுத்து, பன்னிரண்டுக்கு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஐந்துக்குக் கீழே வந்தால், பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. ஒரு சிறுமிக்கு மூன்று போட்டுவிட்டேன், கையெழுத்து மட்டும் போடவில்லை. அதைத் தள்ளிப்போடத்தான் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அவள் கண்களில் ஓர் ஆழ்கடல் மௌனம்...'

(அடித்துவிட்டேன். அவள் கண்ணில் கடலும் இல்லை, குட்டையும் இல்லை. லேசாகப் பீளை இருந்தது.)

இரண்டாவது தொடக்கம், நடந்தபடியே: வயது ஐந்து. கூட வந்தது அம்மா. எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். மூலையில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது, எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. முதல் மூன்று பயிற்சிகளைச் செய்துவிட்டாள். நான்காவதாக, நாய்ப் படத்தை எட்டுத் துண்டாக வெட்டிய அட்டைகளை மேசையில் பரப்பி, சேர்த்து வைக்கச் சொன்னேன். சிறுமி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா உதட்டில் விரலை வைத்தார். அதோடு சரி. பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு சிலையாகிவிட்டது.

(அந்த விரலை நான் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். ஆக, கதாசிரியருக்குத் தெரிந்தது பரிசோதகருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் நானே என்பதுதான் சங்கடம்.)

3

சோதனை முடிந்து அம்மா முகவரி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, காத்திருக்கும் அறையில், இன்னொரு சிறுமி. தம்பிக்குக் காது பரிசோதிக்க வந்த குடும்பம். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. நிறுத்தும் பொத்தான் கிடையாது. அங்கே கிடந்த பழைய அட்டைகளை எடுத்து, அதே நாய்க்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் வாலை வைத்துக்கொண்டிருந்தாள்.

நம் சிறுமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போய், தரையில் உட்கார்ந்து வாலைப் பிடுங்கினாள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். காலுக்கு மேலேதான் வயிறு வரும் என்று இவள் விளக்கினாள், அவள் ஏன் என்று கேட்டாள், இவள் யோசித்துவிட்டு மறுபடி விளக்கினாள். எட்டுத் துண்டும் சேர்ந்தன. ரேடியோ கத்திக் கைதட்டியபோது இவள் அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா பேசு. உள்ள யாரோ தூங்குறாங்க."

அம்மாவின் பேனா நின்றது. இவளுடைய அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, வீடு ஒரே அறை, பகலெல்லாம் ஜாடையில்தான் குடித்தனம் என்றார். உதட்டில் விரல் வைத்தால் அப்பா தூங்குகிறார் என்று அர்த்தம். "நீங்க பேசக் கூடாதுன்னீங்க. அவளும் பேசிடுவாளோன்னு பயந்துட்டேன்," என்றார்.

4

ஒரு வரைவில் பழியை அம்மா தலையில் கட்டிப் பார்த்தேன். கதை கச்சிதமாக வந்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

குழந்தைக்குத் தெரிவதெல்லாம் முதலில் இரண்டு பேருக்கு நடுவில்தான் இருக்கிறது, பிறகுதான் ஒரு தலைக்குள் குடியேறுகிறது. இதைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் நான். அந்தப் பரீட்சையையும் தனியாக உட்கார்ந்துதான் எழுதினேன்.

மேலதிகாரியிடம் போனேன். மறு சோதனை ஆறு மாதம் கழித்துத்தான், அறைக்கு வெளியே நடந்தது கணக்கில் வராது என்றார். பிடிவாதமாக நின்றேன். அவர் கோபப்படவில்லை.

"ரெண்டு பேர் சேந்து செஞ்சா யாருக்கு மார்க் போடுவீங்க?"

நியாயமான கேள்வி. அதுதான் என் எரிச்சல்.

5

முடிவு ஒன்று: மூன்றை எட்டாகத் திருத்துகிறேன். (எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிப்பேன்.)

முடிவு இரண்டு: மூன்றுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். தனி வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். கவனம் சிதறக் கூடாதென்று ஆறு மேசைகளையும் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் சுவரோடு இருந்துவிட்டு வருபவளை மறுபடி சோதித்தால் மூன்றுதான் வரும். அன்றைக்கே சரியாகக் கண்டுபிடித்தீர்கள் என்று என்னைப் பாராட்டுவார்கள்.

முடிவு மூன்று: படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு வரி இடம் உண்டு. எழுதிப் பார்த்தேன்: 'தனியாக மூன்று. இன்னொரு குழந்தையுடன் இருக்கும்போது...'

இதற்கு மேல் ஓடவில்லை. மீதியை நீங்கள் எழுதுங்கள். ஆனால் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டி, வாய்விட்டுச் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அவளும் அம்மாவும் வருவார்கள். எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று நான் கைகாட்டியாக வேண்டும்.