வித்யாலட்சுமியின் மொரிஸ் மைனர்

பின்னேரம் தெமட்டகொடையிலிருந்து லொறி வரும். அதற்குள் மொரிஸ் மைனர் தானாக நகர்ந்தால் கட்டடத்தின் பின்புறத்தில் அதற்கொரு இடம் உண்டு. நகராவிட்டால் உடைத்து இரும்பாக விற்கிறவர்களிடம் போய்விடும். வெள்ளவத்தையில் இடம் அவ்வளவு அருமை. குடியிருப்போர் சங்கம் மரியாதையாகத்தான் சொன்னது; நவநீதகிருஷ்ணனும் மரியாதையாகத் தலையாட்டினார். அந்தக் காரை அவரைவிட அவர் மனைவி வித்யாலட்சுமிதான் அதிகம் ஓட்டினாள் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? அவள் இறந்த பிறகு அதன் பொனட்டை யாரும் திறக்கவில்லை.

பழைய சிநேகிதர் பாயிஸ் காலையிலேயே தன் வேனின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். பழைய பெற்றோலை வடித்துப் புதிது ஊற்றினார்கள். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. ப்ளக் வயரைக் கழற்றி எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார் பாயிஸ். பொறி இல்லை. மின்னழுத்தத்தைக் கூட்டித் தருகிற கொயிலிலிருந்து வரும் நடுவயரைப் பிடித்தார். பொறி நீலமாகப் பாய்ந்தது.

"கொயில் நல்லா இரிக்கி மச்சான். இது வரைக்கும் கரண்ட் வருது. ப்ளக்குக்குத்தான் போகுதில்ல."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே சுழன்று ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற ரோட்டர், பெருவிரலளவுத் துண்டு, அங்கே இல்லை.

"கள்ளனுக்குப் பயந்து இன்னமுமா கழட்டுற?"

நவநீதகிருஷ்ணன் கழற்றவில்லை. கார்கள் களவுபோன அந்த நாட்களில், இருட்டியதும் ரோட்டரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவது ஒழுங்கையில் எல்லா வீடுகளிலும் வழக்கமாக இருந்தது. அவர் மறந்துவிடுவார். வித்யாதான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் போவாள். திரும்பி வரும்போது விரலில் எண்ணெய்க் கறுப்பு. "நீங்க படுங்கோ, கார் இப்ப என்ர கையில" என்பாள்.

அந்தக் காலத்தோடு அந்த வழக்கமும் போய்விட்டது என்றே நினைத்திருந்தார். கொட்டாஞ்சேனைக் கல்யாணத்துக்குப் போய்வந்த கடைசிப் பயணத்தன்றும் அவள் பிந்தித்தான் மேலே வந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் வேலை செய்யவில்லையா என்று மட்டும் கேட்டது ஞாபகம்.

கழற்றியது வித்யாவாகத்தான் இருக்கும் என்று இவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் கடையெல்லாம் பூட்டு என்றார் பாயிஸ்.

"எங்க வெச்சிருப்பா, யோசி."

"பொறு, வாறன்."

அவளுடைய அலுமாரி எப்போதோ காலியாகிவிட்டது. மேசை இழுப்பறையில் இல்லை. சாமித் தட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். அவளுடைய குங்குமச் சிமிழை வாராவாரம் துடைத்து வைப்பார். திறக்கிற தேவை அவருக்கு வரவில்லை. இப்போது திறந்தார். குங்குமத்துக்குள் பாதி புதைந்து கிடந்தது ரோட்டர்.

கீழே கொண்டுவந்ததும் பாயிஸ் அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"பித்தளையில இரிக்கிறதத் தொடச்சிடு மச்சான். இல்லாட்டிப் பாயாது."

இவர் துடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பாயிஸ் கடற்பக்கம் திரும்பி, போகிற ரயிலைப் பார்ப்பதுபோல நின்றார். ரயில் போய் முடிந்த பிறகு, நவநீதகிருஷ்ணன் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் பித்தளையை மட்டும் துடைத்தார். மற்ற இடத்துச் சிவப்பை விட்டுவிட்டார்.

ரோட்டரைப் பொருத்திச் சாவியைத் திருப்பியதும், இரண்டு முறை இருமி, புகை கக்கி, எஞ்சின் ஓடத் தொடங்கியது. பின்புறத்து இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். லொறி வரவேண்டாம் என்று பாயிஸ் போனில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருக்கையில், இவர் பொனட்டைத் திறந்து ரோட்டரைக் கழற்றினார்.

"இனி யாரு மச்சான் இதக் களவெடுக்கப் போறான்?"

"ஒருத்தரும் இல்லை."

லிஃப்ட் கீழேதான் நின்றது. ரோட்டரைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அவர் படியால் ஏறினார்.