வண்டி நேராகத்தான் ஓடும்

சின்னவள் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் மறுபடியும் அடித்தது. சீப்பை மடியில் வைத்துவிட்டு எடுத்தாள்.

"மேடம், நாளைக்குக் காலைல கிளாஸுக்கு புக் பண்ணியிருக்கேன். மருந்துக்கடை முனைல நிக்கவா, பஸ் ஸ்டாப்லயே நிக்கவா?"

"எங்கயும் நிக்காதீங்க. அம்மா தவறிட்டாங்க."

"இப்பதாங்க வெப்சைட்ல இடம் இருக்குன்னு காட்டுச்சு" என்றாள் அந்தப் பெண், ஏதோ ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல.

காலையிலிருந்து இதே கதைதான். அம்மா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வண்டியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அது வெப்சைட்டுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு நாளைக்கும் மறுநாளைக்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. போன் செய்து கேட்டவர்களுக்காவது விஷயம் தெரியும். கேட்காதவர்கள் விடிந்ததும் அங்கங்கே தெருமுனையில் வந்து நிற்பார்கள். தெருமுனையில் ஒரு பொம்பளையைத் தனியாக நிற்க வைப்பது அம்மாவுக்கு ஆகாத காரியம். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டுக் கிளம்புவாள்.

மூத்தவன் மதியத்துக்கு மேல் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தான். வாசலிலேயே அழுதான். தோளில் லேப்டாப் பையும் இருந்தது.

"அண்ணா, அப்புறம் அழு. முதல்ல வெப்சைட்ல போடு. நாளைக்கு எல்லாரும் முனைல வந்து நிப்பாங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு வெப்சைட் கட்டுவதுதான் அவன் வேலை. அம்மாவுக்கும் அவன்தான் கட்டிக் கொடுத்தான். சாம்பல் நிறத்தில், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அதைத் திறக்கும் சாவியை, அந்தப் பாஸ்வேர்டை, மட்டும் கொடுக்கவில்லை. "நீ கை வச்சா எல்லாம் கலைஞ்சிடும்மா. என்ன மாத்தணுமோ எங்கிட்ட சொல்லு" என்றான். அம்மாவும் சொன்னாள். வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது, இன்று வகுப்பு இல்லை. இந்த ஒரு வரி. "வீக்கெண்ட் பாக்கறேம்மா" என்றான். வண்டி சர்வீஸ் முடிந்து வந்து, ஓடி, அடுத்த சர்வீஸுக்கும் போய்விட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை என்று அம்மா சிரிப்பாள். சின்னவளுக்கு அப்போதே சிரிப்பு வந்ததில்லை.

"போட்டாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடுத்த நிமிஷமே போன் அடித்தது. புதிதாக ஒருத்தி. இப்போதுதான் புக் செய்தாளாம்.

சின்னவள் பின்னறைக்குப் போனாள். "எங்க போட்ட?"

அவன் காட்டினான். கறுப்புக் கட்டம் கட்டி, "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது" என்று தொடங்கியிருந்தான். பிறகு எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான். "இதுல புக்கிங்கே வரலையே. ரொம்ப நாளா ஒருத்தரும் உள்ளயே வரல."

"அதுல எதுக்குடா தேடுற?" அப்பா கதவருகே நின்றிருந்தார். "அவ அங்கேருந்து எப்பவோ போயிட்டா."

மேஜை மேலிருந்த பழைய லேப்டாப்பை அவர் திறந்தார். அதில் வேறொரு வெப்சைட்: பச்சைத் தரையில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் கட்டை விரல் தடிமன். நடுவில் அம்மாவின் காரின் படம், பக்கவாட்டில் விழுந்து கிடந்தது.

"இதை யாரு பண்ணுனா?" என்றான் மூத்தவன்.

"அவதான். பெட்டியை இழுத்து வை, எழுத்தை அடி, பச்சை பட்டனை அமுக்குன்னு அதுலயே வருது. நான் படிச்சுச் சொன்னேன், அவ பண்ணுனா. கியர் மாத்தறதைவிட இது ஈசின்னா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்பியாம்." அப்பா கூடத்துக்குத் திரும்பிவிட்டார்.

பூட்டிய வெற்று வீட்டுக்கு அண்ணன் இத்தனை நாள் காவல் இருந்திருக்கிறான் என்று சின்னவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை அவளிடமும் அம்மா சொல்லவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்து அவன் மேலேயே போனது.

மூத்தவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். "குடு, நான் பண்றேன். முதல்ல இந்தப் படத்தை நேராக்கிடறேன். நாலு பேர் பாப்பாங்க."

ஒரு தட்டு. கார் நிமிர்ந்து நின்றது. அதன் அடியில் அம்மா எழுதியது அப்படியே இருந்தது:

படம் சாய்ந்திருக்கிறது. எனக்கு நிமிர்த்தத் தெரியவில்லை. ஆனால் வண்டி நேராகத்தான் ஓடும். பயப்படாமல் வாருங்கள்.

"திருப்பி வை" என்றாள் சின்னவள்.

"என்னது?"

"சாய்ச்சு வைன்னு சொன்னேன். அவ ஒரு வரி கேட்டப்ப உனக்கு நேரமில்ல. இப்ப யாரும் கேக்காமலே வந்து திருத்துற. அம்மா கூடத்துல கெடக்கா, உனக்குப் படம் கோணலா இருக்கறதுதான் கண்ணுல படுதா?"

"ஏய், மெதுவா பேசு."

"செத்த வீட்டுல என்னடி சத்தம்?" என்று கூடத்திலிருந்து சித்தி குரல் கொடுத்தாள்.

"செத்த வீட்டுல போடாம வேற எங்க சித்தி போடறது?"

மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி தட்டினான். கார் பழையபடி படுத்தது.

சின்னவள் லேப்டாப்பைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ஒரு பெட்டியை இழுத்தாள். அது போய்ப் படத்தின் மேலே உட்கார்ந்தது. கீழே இழுத்தாள், காணாமலே போனது. மூத்தவனின் கை நீண்டது. தட்டிவிட்டாள். கடைசியில் பெட்டி மேலே ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டது. அதில் அடித்தாள்: அம்மா இன்று காலை இறந்துவிட்டாள். நாளை யாரும் முனையில் நிற்க வேண்டாம்.

"புக்கிங்கை நிறுத்தணும்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "இல்லன்னா வந்துக்கிட்டேதான் இருக்கும். கீழ இருக்கும் பாரு."

"தெரியும்" என்றாள். தெரியாது. கீழே போய்த் தேடினாள். வகுப்பு நடக்கும், நடக்காது என்று சொல்கிற இடத்துக்கும் அம்மா தானே பெயர் வைத்திருந்தாள். ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் "நான் வருவேன்."

சின்னவளின் விரல் அதன் மேல் அப்படியே நின்றது. இந்த முறை மூத்தவன் கையை நீட்டவில்லை.

அவள் டிக்கை எடுத்தாள். பச்சை பட்டனை அமுக்கினாள். லேப்டாப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள்.

கூடத்தில் தலை வாரியது பாதியில் நின்றிருந்தது. ஒரு பக்கம் படிந்தும் ஒரு பக்கம் கலைந்தும் கிடந்தது அம்மாவின் தலை. சின்னவள் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். போன் மடியில் இருந்தது. அது அடிக்கவில்லை.

சிக்கலை எடுக்க ஒரு முறை நிமிர்ந்தபோது பின்னறை தெரிந்தது. மூத்தவன் இன்னும் திரையிலிருந்த காருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு.