ஏழாம் எண் சீத்தாப்பழம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சந்தேகப் பிராணி என்று பட்டப்பெயர். எதையும் மூன்று முறை எடை போடுவாள். நாலாவது முறை பக்கத்து மேசைக்காரரையும் போடச் சொல்லி உயிரை வாங்குவாள். அப்பேர்ப்பட்டவள்தான் அன்றைக்கு ஏழாம் எண் சீத்தாப்பழத்தைப் பிளந்து வைத்துவிட்டு, அடுத்த அறையில் யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் தின்னப் போனாள். பிளந்த கையோடு சதையை மெத்தனாலில் போட்டாக வேண்டும். இல்லையென்றால் காற்றுப் பட்டுப் பழுப்பேறிக் கறுத்து, பழத்தின் தரத்தைக் காட்ட அளக்கவேண்டிய பீனாலிக் சேர்மங்களில் பாதி காணாமல் போய்விடும். கதை பேசித் திரும்பியபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. சதை பழுப்பேறிக் கிடந்தது. வேறு பழம் கேட்டால் காரணம் எழுத வேண்டும், இத்தனை வருஷம் சேர்த்த பெயர் போய்விடும். அதையே அரைத்து அளந்தாள். பழக்கூழ் கம்பெனி ஒன்று தரம் பார்க்க அனுப்பிய பன்னிரண்டு தோட்டப் பழங்களில் தரத்தில் ஏழுதான் கடைசி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

எந்த எண் யாருடைய தோட்டம் என்று அளப்பவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். கம்பெனி யாரிடம் வாங்கப் போகிறோம் என்று அறிவித்த பிறகுதான் தெரிந்தது, ஏழு அவளுடைய அண்ணன் தோட்டம். தங்கைக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவளிடம் மூச்சுவிடாமல் அனுப்பியிருக்கிறான். அன்று மாலையே போன் செய்தான்.

"நீ அளந்ததுன்னா சரியாத்தான் இருக்கும். மனசுல வச்சுக்காதே. மரத்தை எடுத்துட்டு வேற ஏதாவது வைக்கிறேன்."

"சரிண்ணா" என்று போனை வைத்தாள். நாலு நாள் சோறு இறங்கவில்லை. அண்ணன் பழம் என்று தெரிந்திருந்தால் மறுபடி அளந்திருப்பேனே என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது. அப்படியென்றால் ஊரான் வீட்டுப் பழம் எப்படிப் போனாலும் பரவாயில்லையா?

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். ஒன்பது மரங்கள் ஏற்கெனவே தரையில் கிடந்தன. அண்ணி கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பத்தாவது மரத்தில் ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துண்ணா. அந்தக் கணக்கு தப்பு. பழத்தை அறுத்துப் போட்டுட்டு நான் வெளியே போயிட்டேன். என் தப்புதான்."

ரம்பம் நின்றது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அளக்கும்போதே."

அவன் கிடந்த மரங்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாக, எண்ணுவதுபோல. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பாதி அறுபட்ட மரம் அப்போது மெல்ல முனகிச் சாயத் தொடங்கியது. அவன் ரம்பத்தைப் போட்டுவிட்டுத் தோளைக் கொடுத்துத் தாங்கினான்.

"கயிறு கொண்டா" என்றான் அண்ணியிடம்.

தங்கையும் ஓடிப்போய் அவன் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள். மரத்தின் கனம் இருவர் மீதும் இறங்கியது. அவன் கொஞ்சம்கூட நகர்ந்து இடம் விடவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. காய்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.