துரோகியின் பதினெட்டாவது வடு

பொம்மையின் முகத்தில் பதினேழு வடுக்கள் இருந்தன. அஜிதா இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். நெற்றியில் ஆறு, மூக்கில் ஒன்று, மிச்சமெல்லாம் கன்னங்களில். வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு முன் அத்தனையையும் நிரப்பி, வர்ணம் பூசி, புத்தம் புதுசாக்கிவிட வேண்டும் என்பது பணிப்பாளரின் கட்டளை.

மொன்றியலின் அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தவை சிசிலித் தீவின் பொம்மலாட்டப் பொம்மைகள். தகரக் கவசம், உச்சந்தலையில் இறங்கிய இரும்புக் கம்பி, ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம். பழசைத் துப்புரவாக்கித் திருத்துவதுதான் அஜிதாவின் வேலை. பொம்மைகளைக் கொடுத்தவள் கொன்செத்தா, ஆட்டியவரின் மகள், இப்போது பேக்கரி நடத்துகிறாள். அவள் இந்த ஒன்றை மட்டும் விரலால் தட்டிக் காட்டினாள்.

"இவன்தான் துரோகி. அரசரைக் காட்டிக்கொடுத்தவன். இவன் மேடைக்கு வந்தாலே சனம் சப்பாத்தைக் கழற்றி எறியும். அப்பா ஒருநாளும் இந்த முகத்தைத் திருத்தவில்லை."

பணிப்பாளருக்கு இது விளங்கவில்லை. விளங்க விருப்பமில்லை என்பதுதான் சரி. "நாங்கள்தான் கவனமில்லாமல் உடைத்தோம் என்று வருகிறவர்கள் நினைப்பார்கள்" என்றார்.

வியாழன் மதியம் அஜிதா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, முடியாது என்றாள். மன்னாரில் அவள் கும்பிட்ட கோயில் சுவரில் ஷெல் துளைத்த ஓட்டைகள் இருந்தன. ஒரு திருநாளுக்கு யாரோ நல்ல மனதோடு சீமெந்து வைத்து வெள்ளையடித்தார்கள். பிறகு வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் நடக்கவில்லையே என்றார்கள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"அப்படியானால் இது காட்சிக்கு இல்லை" என்று பணிப்பாளர் பொம்மையைக் களஞ்சிய அறைக்கு அனுப்பினார். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார். குரலை உயர்த்தவேயில்லை, மரியாதையான மனிதர்.

வாசல் காவலர் அருமைராசாவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கென்ன விசரா பிள்ளை? பூசச் சொன்னால் பூசிப்போட்டுப் போவன். அது வெறும் மரக்கட்டை."

"மரக்கட்டைதான் அண்ணை. ஆனா அந்தக் காயம் சனம் குடுத்தது. அதை அழிக்க எனக்கும் உரிமையில்லை, அவருக்கும் இல்லை."

"வேலை போகுமடி."

"போகட்டும். டோர்வல் எயார்போட்டில போய் சூட்கேஸ் தூக்கிறன். பொய் பூச மாட்டன்."

வெள்ளி பின்னேரம் பனி கொட்டியது. இத்தாலியச் சனம் பனிச்சப்பாத்துகளோடு வந்து மண்டபத்தை ஈரமாக்கியது. கொன்செத்தா கண்ணாடிப் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போய், "என் துரோகி எங்கே?" என்று கேட்டாள்.

"திருத்த வேலை நடக்கிறது" என்று பணிப்பாளர் சிரித்தார்.

"இல்லை. ஒளித்து வைத்திருக்கிறார்" என்றாள் அஜிதா, மண்டபம் முழுக்கக் கேட்க.

அருமைராசா பணிப்பாளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு களஞ்சிய அறைச் சாவியை அவளுடைய கைக்குள் வைத்தார். "கெதியாப் போ. நான் ஒண்டும் காணேல்லை."

அவள் கம்பியைப் பிடித்து, பொம்மையின் கால் தரையில் டக், டக் என்று பட, அதை நடத்திக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு கிழவர் காறினார். இன்னொருவர் விசிலடித்தார். பின்வரிசையில் யாரோ திட்டத் தொடங்க, மண்டபமே சேர்ந்து திட்டியது. கொன்செத்தா குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"மேடம், வேண்டாம்!" என்று பணிப்பாளர் கத்தினார். மரியாதையான குரல் கடைசியில் உயர்ந்தேவிட்டது.

பொம்மையை மறுபக்கம் திருப்ப அஜிதாவுக்கு நேரம் இருந்தது. படித்த படிப்பும் அதைத்தான் சொன்னது. அவள் திருப்பவில்லை. முகத்தை நேரே உயர்த்திப் பிடித்தாள். சப்பாத்து வந்து தாடையில் அடித்தது. பனித்தண்ணீர் அவளுடைய முகத்திலும் தெறித்தது. சனம் கைதட்டியது.

விழா முடிய முதலே அவள் பொம்மையின் பதிவுத் தாளை எடுத்தாள். 'சேதம்' என்று அச்சிட்டிருந்ததை வெட்டி, 'சனம் தந்தவை' என்று எழுதினாள். பதினேழையும் வரிசையாக எழுதி முடித்து, கடைசி வரியில் 'பதினெட்டு: தாடை, மொன்றியல்' என்று போட்டாள். கையெழுத்து வைத்து, பணிப்பாளரின் கையிலேயே கொடுத்தாள்.

"இப்போது இது எங்களுடைய வடு" என்றாள். "இதையும் பூசச் சொல்லிப் பாருங்கள்."