ஒருநாளும் விழாத வண்டி

எனக்குச் சிவப்புக் கார்தான் பிடித்திருந்தது. பேர் வாயில் நுழையாத கம்பெனி, முன்னால் பளபளவென்று ஒரு மூக்கு, அமுக்கினால் சேலம் கடைவீதியே திரும்பிப் பார்க்கிற ஹாரன். வெள்ளையன் பட்டறையில் அதற்குப் பக்கத்தில் நின்ற கறுப்பு போர்டு கார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்த ஆள் மாதிரி இருந்தது. மேலே துணிக் கூரை, அதையும் மடக்கிப் போட்டிருந்தார்கள்.

சிவப்புக்கு விலை ஐந்நூற்று ஐம்பது. கறுப்புக்கு இருநூற்று எழுபது. எங்களிடம் இருந்தது முந்நூற்று இருபது. அதில் நூற்றியிருபது என் அக்கா வேலம்மாளுடையது. மேல்பாறை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துச் சேர்த்த காசோடு இரண்டு வெள்ளாட்டையும், பெட்டியில் கிடந்த தோட்டையும் விற்றுக் கொடுத்திருந்தாள். பஸ் டிரைவர் வேலையை விட்டுவிட்டு, ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுவது என்பது என் திட்டம். கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்கமாட்டேன் என்று அக்காவும் கூடவே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"மீதிக்குக் கடன் சொல்லிக்கலாங்கா," என்றேன் நான், சிவப்புக் காரின் கதவைத் தடவிக்கொண்டே.

"விரலுக்குத் தக்கன வீக்கம் இருக்கோணும் சாமி. செவப்ப வாங்கிப்போட்டு பெட்ரோலுக்கு எங்க போவே? அந்த ஹாரனப் புடிச்சா ஊத்துவே?"

பட்டறையில் வேலை செய்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது.

"கறுப்பு மேட்டுல மூச்சு வாங்காம ஏறுமா, அதக் கேளு," என்றாள்.

"ஏனுங்க, பத்து வருச வண்டின்னு ஏளனமாப் பாக்காதீங்க," என்றான் பட்டறைக்காரன் வெள்ளையன். "மலையில ஓடிப் பழகுன வண்டிங்க இது. அடியில படுத்துப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

படுத்துப் பார்த்தேன். விழுந்து எழுந்த வண்டியை ஒரு டிரைவர் மோந்தே கண்டுபிடித்துவிடுவான். நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தலாம், மேலே எத்தனை பூச்சு வேண்டுமானாலும் அடிக்கலாம். அடிச்சட்டம் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். இதன் அடிச்சட்டம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"இந்த வண்டி ஒருநாளும் உழுந்ததில்லீங்க. ஒரு எடத்துல மோதுனதில்ல. அதுக்கு நான் ஜவாப்பு," என்றான் வெள்ளையன். "டிரைவர் சீட்டு முதுகுல மட்டும் ஒரு ஓட்டை. முன்னாலயும் பின்னாலயும் தோலு வெச்சு ஒட்டிப்போட்டேன். அதுக்காகத்தான் பத்து ரூவா கொறச்சுச் சொல்லியிருக்கறேன்."

எனக்கும் மனசு கறுப்பின் பக்கம் சாய்ந்தது. இருநூற்று எழுபது போக ஐம்பது மிஞ்சும். இரண்டு டயர் வாங்கலாம், ஒரு மாதப் பெட்ரோலுக்கும் காணும். ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வெள்ளையன் டிரைவர் சீட்டின் மெத்தையைத் தூக்கினான். அந்தப் பழைய போர்டில் டேங்க் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும்.

மெத்தையின் அடியில், கம்பிச்சுருளோடு சேர்த்துக் கட்டிய ஒரு சின்னத் துணி முடிச்சு தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப் போயிருந்தது.

"அது சாமி முடிச்சுங்க," என்றான் வெள்ளையன். "யாரு வேண்டிக்கிட்டு முடிஞ்சதோ. அடுத்தவிய வேண்டுதலத் தொட்டா குடும்பத்துக்கு ஆவாதுன்னு, வாங்குனவிய வித்தவிய ஒருத்தரும் கை வெக்கல. நானும் அப்படியே உட்டுட்டேன்."

அக்கா முடிச்சுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். கறுப்புப் பிசுக்கை நகத்தால் சுரண்டினாள். அடியில் மஞ்சள் தெரிந்தது. மஞ்சளின் ஓரத்தில் ஒரு விரற்கடை அரக்குக் கரை தெரிந்தது.

"தம்பி," என்றாள். குரலே மாறியிருந்தது. "இதுக்குள்ள அரையணா ஒண்ணு இருக்கும். கூடவே ஒரு காப்பிக் கொட்ட. ரெண்டாப் பொளக்காத உருண்டக் கொட்ட. அவுத்துப் பாரு."

"உனக்கெப்படிக்கா தெரியும்?"

"நான் முடிஞ்சதுடா. என்ற மூர்த்தச் சேலையில கிழிச்சது."

அவிழ்த்தேன். என் உள்ளங்கையில் ஒரு அரையணாவும் காய்ந்துபோன ஒரு உருண்டைக் கொட்டையும் விழுந்தன.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவர் அக்காவின் புருஷன் மாதப்பன். மாமாவுக்கு எஸ்டேட் துரையின் காரை ஓட்டும் வேலை கிடைத்த அன்று, ஒரு குறையும் வரக்கூடாது என்று மலைச்சாமி சேர்வராயனை வேண்டி அக்கா முடிந்து கொடுத்த முடிச்சு அது. ஆறு வருஷத்துக்கு முன்னால், குடித்துவிட்டு ஓட்டி அந்தக் காரை மலைப்பாதையின் பதினோராம் திருப்பத்தில் பள்ளத்துக்குள் விட்டு மாமா செத்துப்போனார். அப்படித்தான் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் கருப்பண்ணன் வந்து சொன்னார். கார் சுக்குநூறாகிவிட்டது, துரை குதித்துத் தப்பினார் என்றார். உடம்பைக் கம்பளியில் சுற்றி, மேலே காப்பிச் சாக்கு வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார்கள். முகம் பார்க்கிற மாதிரி இல்லை, பிரிக்க வேண்டாம் என்றார். நாங்கள் பிரிக்கவில்லை. அத்தனை பெரிய காரைத் தொலைத்தவன் பெண்டாட்டியை எஸ்டேட் லைன் வீட்டிலேயே இருக்கவிட்டது துரையின் பெரிய மனசு என்று ஊரே பேசியது. மறுவருஷம் துரை சீமைக்குப் போய்விட்டார்.

பள்ளத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. துர்மரணம் நடந்த இடத்தை எங்கள் பக்கத்தில் எட்டிப் பார்க்கமாட்டோம். பார்த்தால் செத்தவன் கூடவே வந்துவிடுவான். பச்சைத் தழை ஒன்றை ஒடித்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல் போய்விடுவோம். ஆறு வருஷமாக அந்தத் திருப்பத்தில் தழை காய்வதும் பச்சை விழுவதுமாகக் குவிந்து கிடந்தது. நானும் பஸ்ஸில் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொத்து வைத்திருந்து எறிவேன். எறிகிறபோதெல்லாம் மனசுக்குள் ஒரு வசவும் சேர்த்து எறிவேன். குடிகாரன் மச்சானுக்கு எஸ்டேட் வண்டியைத் தரமாட்டேன் என்று ரைட்டர் என்னை விரட்டிவிட்டிருந்தார். அந்தக் கோபம்.

இந்த வண்டி ஒருநாளும் விழுந்ததில்லை. நானே படுத்துப் பார்த்தேன்.

காரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

"இந்த வண்டி யாருதுங்க?" என்று அக்காதான் கேட்டாள்.

"திருப்பத்தூருப் பக்கம் ஒரு மிட்டாதார், பெரிய நெலக்காரரு, வெச்சிருந்தாருங்க. ஆறு வருசம் முன்ன, மலையிலிருந்து ஒரு தொர ராத்திரியோட ராத்திரியா அடிமாட்டு வெலைக்குத் தள்ளிட்டுப் போனாராம்."

"அந்த ஓட்டை?"

வெள்ளையன் என்னைப் பார்த்தான். இந்த வண்டியை ஓட்டியவன் எங்களுக்கு வேண்டியவன் என்று அவனுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. "சீட்டுக் கட்டைக்குள்ள ஈய ரவ நாலஞ்சு பதிஞ்சு கெடந்துச்சுங்க," என்றான் மெதுவாக. "வேட்டைக்குப் போற தொரைங்க வண்டிதானே, ஏதோ கை தவறிச் சுட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்ப சீட்டுல ஆளு இருந்திருக்கும்னு நெனக்கலீங்கம்மா."

துரை எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவார். முழங்காலுக்கு நடுவில் துப்பாக்கி, குழாய் முன்பக்கம் சாய்ந்திருக்கும். முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரியே இருக்கிறது என்று மாமா ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் சிரித்தேன். வண்டி குலுங்கி வெடித்ததோ, கை பட்டு வெடித்ததோ, எனக்குத் தெரியாது. சாக்கை ஏன் பிரிக்கவிடவில்லை என்பது தெரிந்துவிட்டது. முகம் நன்றாகத்தான் இருந்திருக்கும். முதுகைத்தான் மறைத்திருக்கிறார்கள்.

"வாக்கா, போலாம்," என்றேன். "வேற பட்டறையில வேற வண்டி பாத்துக்கலாம்."

"இதையே வாங்கு."

"வெவரம் தெரிஞ்சு பேசு. சாவு உழுந்த வண்டின்னு தெரிஞ்சா மலையில எவன் வாடகைக்கு ஏறுவான்? இருக்கற காசெல்லாம் இதுல போயிருமேக்கா."

"ஏறாட்டிப் போறான். குடிச்சுப்போட்டு வண்டிய உருட்டுனவன் பொண்டாட்டின்னு ஆறு வருசமா நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நடக்கறேன். நீயுந்தான வஞ்சே. உருளாத வண்டிய ஊரு ஒருவாட்டி பாக்கட்டும் சாமி. அப்புறம் இத வெறகுக்குக் கூடப் போட்டுக்கோ."

ஒரு தடவைகூட அவள் காதுபட நான் வைததில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இருநூற்று எழுபதை எடுத்து வெள்ளையன் கையில் வைத்தேன். அவன் எண்ணாமலே வாங்கிக்கொண்டு, தானாகவே இருபது ரூபாயைக் குறைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

மலை ஏறினோம். அக்கா என் பக்கத்தில் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒட்டுப் போட்ட தோல் என் முதுகில் சரியாக இடது தோள்பட்டைக்குக் கீழே உறுத்தியது. திருப்பத்துக்குத் திருப்பம் உடம்பு சாயும்போதெல்லாம் அது அழுந்தியது. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குப் பயம்தான் இருந்தது, துக்கம்கூட வரவில்லை. பதினோராம் திருப்பத்தில் கை தானாகவே வண்டியை மெதுவாக்கியது. நான் எட்டி ஒரு தழையை ஒடித்தேன்.

"எதுக்கு?" என்றாள் அக்கா. "இங்க யாரும் சாவலயே."

தழையைக் கீழே போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பாறையும் முள்ளும்தான் இருந்தன. ஒரு துண்டுத் தகரம் இல்லை. ஆறு வருஷத்தில் யாராவது ஒருத்தன் அரை நிமிஷம் எட்டிப் பார்த்திருந்தால் போதும். திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.

எஸ்டேட்டில் அது காப்பிப் பழம் நிறுக்கிற நேரம். கூடைகளோடு நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் ரைட்டர் கருப்பண்ணன் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். வண்டியைத் தராசு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். கறுப்பு போர்டுகள் எல்லாம் காக்காய் மாதிரி ஒன்றுபோலத்தான் இருக்கும். வரிசையில் நின்றவர்கள், நான் கார் வாங்கிவிட்டேன் என்று சந்தோஷமாகத்தான் பார்த்தார்கள்.

அக்கா இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே அரக்குக் கரை முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

"ரைட்டருங்க, என்ற புருசனுக்கு நான் முடிஞ்சு குடுத்தது, இந்த வண்டிச் சீட்டுக்கு அடியில இருந்துச்சு. சுக்குநூறாப் போச்சுன்னு நீங்க சொன்ன அதே வண்டிதானுங்க. பள்ளத்துல உழுந்தது எப்படிங்க மேல வந்துச்சு?"

கருப்பண்ணன் எழுந்தார். முடிச்சைப் பார்த்தார். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அங்கே பாதிப் பேர் அவரைத்தான் நம்பியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. வண்டியின் முன்பக்கம் பார்க்கவில்லை, நம்பரைப் பார்க்கவில்லை. தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி பின்பக்கமாகச் சுற்றி வந்து, குனிந்து, என் சீட்டின் முதுகில் கையை வைத்தார். விரல் நேராக ஒட்டின் மேல் போய் நின்றது.

அங்கே ஒரு ஓட்டை இருந்தது என்று நாங்கள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பழம் நிறுக்க வந்த அத்தனை பேரும் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.