படகுத்துறையில் கத்திய எந்திரம்

அன்று படகுத்துறையின் சோதனை வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இருந்தவர்கள் இவர்கள்தான்: பாத்திரக்கடை மூத்தவர், அவர் மனைவி, அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, தங்கையின் கணவர். இந்தக் கடைசி ஆளுக்குக் குடும்பத்தில் 'தபால்' என்று பெயர். அவர் காதில் விழுந்த விஷயம் பொழுது சாய்வதற்குள் எல்லா வீடுகளுக்கும் பட்டுவாடா ஆகிவிடும் என்பதால். இவர்களைத் தவிர ஒரு சோதனை அதிகாரி, இளம்பெண். பெட்டிகள் நகரும் பட்டைக்குப் பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு காவலர். தங்கை அங்கே இல்லை. அவளுக்கு முழங்கால் வலி, வீட்டில் இருந்தாள். அவள் கண்ணால் பார்த்ததுபோல இன்றைக்கும் கைகால் ஆட்டி விவரிப்பதை யாரும் நம்ப வேண்டாம்.

போன காரியம் நல்ல காரியம். அக்கரையில் கடைக்கு ஒரு கிளை திறக்க வேண்டும். காலைப் படகில் ஏறி, கடையின் ஷட்டரைத் தூக்கி, முதல் வியாபாரத்தைப் பார்த்துவிட்டு மாலைப் படகில் திரும்புவது ஏற்பாடு. புதுக் கடையின் சாவி மூத்தவரின் இடுப்பில் இருந்தது. அது வெறும் சாவி அல்ல. அந்தக் குடும்பத்தில், மூத்தவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு சட்டம் உண்டு: ஷட்டரைத் தன் கையால் தூக்குகிறவன்தான் கல்லாவில் உட்கார வேண்டும். அப்பா தினமும் அவரே தூக்கினார். ஒரு நாள் காலையில் பாதி தூக்கியவர், அதற்கு மேல் முடியாமல் நின்றார். சாவியை மூத்தவர் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டார். மறுபடி கல்லாப் பக்கம் வரவே இல்லை.

ஒரு வருஷமாகத் தம்பி, "நீங்க ஓய்வெடுங்கண்ணே, ஷட்டர நான் பாத்துக்கறேன்" என்று பாசமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பாசத்தில் எவ்வளவு பாசம், எவ்வளவு கல்லா என்று மூத்தவரால் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மூச்சு வாங்குவதை இருமல்போல மாற்றிக் காட்டப் பழகியிருந்தார். போன வாரம் அது இருமலுக்குள் அடங்க மறுத்தது. தகடு வியாபாரியைப் பார்த்துவிட்டு வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஓடுகிற பட்டையொன்றில், எங்கும் போய்ச் சேராத ஒரு நடையை நடக்கவிட்டார்கள். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, ஒரு பெரிய எந்திரத்தின் அடியில் படுக்கவைத்து நெஞ்சைப் படம் பிடித்தார்கள். மருந்தும் மாத்திரையும் போதும், ஆனால் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். கிளம்பும்போது நர்ஸ், "ஐயா, நெஞ்சு தெரியறதுக்காகப் போட்ட மருந்துல கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சில வாரத்துக்குத் துறைமுகம், விமான நிலையம் மாதிரி இடத்துக்குப் போனா எந்திரம் கத்தும். இந்தச் சீட்டக் காட்டுங்க, விட்டுருவாங்க" என்று ஒரு சீட்டை நீட்டினாள். அதை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். அவர் வீட்டில் சட்டைப்பைகள் எல்லாம் துவைப்பதற்கு முன்னால் மனைவியின் விசாரணைக்கு உட்படும்.

அன்று ராத்திரி மனைவி கேட்டாள்: "வியாபாரி என்ன சொன்னாரு?"

"அடைப்பு இருக்குன்னாரு," என்று வாய் தவறியது.

"எங்க?"

"போக்குவரத்துல."

அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

படகுத்துறையில் அவர்தான் முதலில் நடந்தார். அந்த இளம்பெண்ணின் இடுப்பு வாரில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்று தொங்கியது. மூத்தவர் அவளைக் கடந்த மாத்திரத்தில் அது கத்தியது. நாகரிகமான சத்தம் அல்ல. தொட்டிலில் விழித்துக்கொண்ட குழந்தையின் சத்தம். கொட்டாவி விட்ட காவலர் வாயை மூடினார்.

"ஐயா, இப்படி ஓரமா வாங்க," என்றாள் அந்தப் பெண். மேஜைக்குக் கீழிருந்து, இஸ்திரிப் பெட்டி அளவில், மேலே கைப்பிடி வைத்த மஞ்சள் எந்திரம் ஒன்றை எடுத்தாள். "கதிர்வீச்சு எங்கருந்து வருதுன்னு பாக்கறது. பயப்படாதீங்க."

"பயமா? எனக்கா?" என்றார் மூத்தவர்.

எந்திரம் அவர் காலருகே முனகியது. இடுப்பருகே சாவிக்கு மரியாதை கொடுத்ததுபோல் கொஞ்சம் வேகம் கூட்டியது. நெஞ்சருகே போனதும் அதற்கு வெறி பிடித்துவிட்டது.

"பையில எவர்சில்வர் டம்ளர் இருக்கு," என்றார் மூத்தவர். "கடைச் சரக்கு. நல்ல கனம். அதுதான் கத்துது."

அவள் பையைச் சோதித்தாள். டம்ளர்கள் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப இவராத்தான் இருக்கும்," என்று தபாலைக் காட்டினார். "என் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வர்றாரு."

தபால் ஆவலோடு இரண்டு கைகளையும் விரித்து நின்றார். எந்திரம் அவரைச் சட்டைசெய்யவே இல்லை. அவர் முகம் வாடிப்போனது.

"ஐயா, கொஞ்சம் அசையாம நில்லுங்க. இது எந்தப் பொருள்னு எந்திரம் கண்டுபிடிக்கணும்," என்று அவர் நெஞ்சுக்கு நேராக அதைப் பிடித்தாள் அந்தப் பெண். மூத்தவர் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை அடக்கி, புகைப்படத்துக்கு நிற்பதுபோல நின்றார். உள்ளே இருப்பதை மூச்சோடு சேர்த்து அமுக்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. திரையில் ஏதோ ஒரு பெயர், பக்கத்தில் ஓர் எண். கீழே ஒரே ஒரு சொல். அவள் அதைப் படித்தாள். அவள் தோள்கள் தளர்ந்தன.

"மருத்துவம்னு காட்டுது. ஐயா, சமீபத்துல நெஞ்சு ஸ்கேன் ஏதாவது எடுத்தீங்களா? எடுத்தேன்னு சொன்னா போதும், நீங்க போகலாம்."

நான்கு முகங்கள் அவர் பக்கம் திரும்பின. மனைவியின் முகம். தம்பியின் முகம். தம்பி மனைவியின் முகம். எல்லாவற்றுக்கும் முன்னால், முத்திரை குத்தத் தயாராக, தபாலின் முகம். இடுப்பில் சாவி குத்தியது. எடுத்தேன் என்று சொன்னால் வாசல் திறக்கும், கல்லா மூடிவிடும்.

"எங்க பரம்பரையில ஒருத்தரும் ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல," என்றார். "உங்க எந்திரம் பொய் சொல்லுது."

"எந்திரத்துக்கு உங்க பரம்பரை தெரியாதுங்க ஐயா," என்றாள் அந்தப் பெண், மரியாதை குறையாமல். "நீங்க இல்லன்னு சொன்னா, காரணம் தெரியாத கதிர்வீச்சுன்னுதான் நான் எழுதணும். மேலதிகாரி வரணும். பெட்டிய எல்லாம் பிரிக்கணும். உங்ககூட வந்த எல்லாரையும் சோதிக்கணும். படகு நிக்காது."

"எழுதிக்கோங்க," என்றார் மூத்தவர்.

நெஞ்சு நோயாளி என்று பெயரெடுப்பதைவிட அணுகுண்டுக் கடத்தல்காரர் என்று பெயரெடுப்பது அந்த நிமிஷத்தில் அவருக்குக் கௌரவமாகப் பட்டது. கடத்துகிறவன் திடகாத்திரமாக இருந்தாக வேண்டும் அல்லவா.

தம்பிதான் முதலில் பொறுமை இழந்தான். "அண்ணே, இதுல வெக்கம் என்ன இருக்கு? வயசானா உடம்பப் பாக்கத்தான் வேணும். பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன். குடும்பமே நடுத்தெருவுல நிக்குது!"

"நீ வாய மூடு."

"நான் எதுக்கு மூடணும்? மறைச்சு வைக்கிறது தப்புண்ணே. நம்ம வீட்டு ஆளுங்ககிட்டயே மறைக்கிறதா?"

"இந்த மனுஷன் என்னிக்கு வாயத் திறந்து உண்மையச் சொல்லியிருக்காரு," என்றாள் மூத்தவரின் மனைவி, பொதுவாக, கூரையைப் பார்த்து.

வெளியே படகு ஒருமுறை ஊதியது. மானம் கப்பலேறும் என்று சொல்வார்கள். இங்கே மானம் மட்டும் ஏறிக்கொண்டு ஆட்களைக் கரையில் விட்டுவிடும்போல் இருந்தது. அதிகாரிப் பெண் பெருமூச்சுவிட்டு மஞ்சள் எந்திரத்தை மறுபடி தூக்கினாள்.

"சரி. கூட வந்தவங்க எல்லாரும் வரிசையா நில்லுங்க."

அப்போதுதான் தம்பிக்குத் தாகம் எடுத்தது. "நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்," என்று பக்கவாட்டில் நகர்ந்தான். நகர்ந்த அவசரத்தில் அந்தப் பெண்ணின் இடுப்பை ஒட்டிப் போனான். தொட்டில் குழந்தை மறுபடி விழித்துக்கொண்டது.

காவலர் நாற்காலியைப் பட்டைக்குப் பின்னாலிருந்து முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மஞ்சள் எந்திரம் தம்பியின் காலில் முனகி, வயிற்றில் வேகம் பிடித்து, நெஞ்சில் வெறிகொண்டது. அதே பெயர், அதே எண், அதே ஒற்றைச் சொல்.

"என்னங்க இது?" என்றாள் தம்பி மனைவி. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உங்களுக்கு என்ன?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். அவனை அந்தப் பார்வையோடு மூத்தவர் வெகுகாலம் முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்த அன்று. இப்போது அவன் நெற்றியில் வேர்த்திருந்தது. அப்படியானால் கொஞ்ச நாளாகச் சரக்கு மூட்டையைத் தூக்காமல், "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று இவன் சொல்லிவந்தது முதுகு அல்ல. ஷட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறான், மடையன். மூத்தவருக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் முந்திக்கொண்டு வேறொன்று வந்தது: தபால் முன்னால் என் தம்பி தலைகுனிந்து நிற்பதா?

முதுகை நிமிர்த்தினார்.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றார். "ரெண்டு பேருக்கும் நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். கிளை திறக்கறதுக்கு முன்னால முதலாளிங்க உடம்பச் சோதிச்சுக்கணும்னு நான் போட்ட சட்டம். பெரிய பெரிய நிறுவனத்துல எல்லாம் இப்படித்தான். பொம்பளைங்கள எதுக்குப் பயமுறுத்தணும்னு சொல்லல. என்னடா, சொல்லு."

"ஆமா," என்றான் தம்பி. அவன் கண் கலங்கியிருந்தது. "அண்ணன்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு."

"அப்ப பரம்பரை, ஆஸ்பத்திரி வாசல்னு சொன்னீங்களே மச்சான்?" என்றார் தபால்.

"மிதிக்கல. வாசல்வரைக்கும் கார்ல போனோம்."

மூத்தவரின் மனைவி நிதானமாகக் கேட்டாள்: "என்னிக்குப் போனீங்க?"

"புதன்," என்றார் மூத்தவர்.

"வெள்ளி," என்றான் தம்பி.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. அதிகாரிப் பெண் எந்திரத்தின் திரையைத் தன் கைக்குட்டையால் கவனமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"புதன் போய், வெள்ளி திரும்பினோம்," என்றான் தம்பி.

"அப்ப வியாழக்கிழமை ராத்திரி என் பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டது யாரு?" என்றாள் தம்பி மனைவி.

அதிகாரிப் பெண் ஒரு பெரிய புத்தகத்தில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். "மருத்துவம்னு எந்திரம் சொல்லுது. நீங்களும் சொல்லிட்டீங்க. ரெண்டும் ஒத்துப்போச்சு. ஓடாம நடந்து போங்க, படக நிக்கச் சொல்றேன்." பிறகு மூத்தவரிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி, "சாயங்காலம் திரும்பறப்பவும் கத்தும் ஐயா. அப்ப வேற ஆள் இருப்பாரு. முதல்லயே சொல்லிடுங்க," என்றாள்.

படகில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். பெண்கள் இருவரும் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்தார்கள். தபால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றபடியே வந்தார்.

"உனக்கு எத்தன அடைப்பு?" என்றார் மூத்தவர், தண்ணீரிடம் கேட்பதுபோல.

"ஒண்ணு. உங்களுக்கு?"

"ரெண்டு."

"எப்பவுமே நீங்க ஒரு படி மேலதான்ணே," என்றான் தம்பி. மூத்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், அது இருமலாக மாறியது, எதிர்ப் பலகை உடனே எழுந்து தண்ணீர் பாட்டிலோடு வந்தது.

அக்கரையில் கடை வாசலில் மூத்தவர் பூட்டைத் திறந்தார். ஷட்டர் புதியது; இன்னும் எண்ணெய் பழகவில்லை. அண்ணன் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். தம்பி மறு கைப்பிடியைப் பிடித்தான். இருவரும் குனிந்தார்கள். குனிந்தபடியே நின்றார்கள்.

"நீ தூக்குடா," என்றார் மூத்தவர். அவர் வாழ்நாளில் சொல்லாத சொல்.

"நீங்கதான்ணே தூக்கணும். நீங்க மூத்தவரு."

"நான் சொல்றேன்ல."

"நான் ஒருநாளும் மாட்டேன்."

மூத்தவரின் மனைவி தன் கைப்பையைத் தபாலிடம் நீட்டினாள். "இத கொஞ்சம் பிடிங்கண்ணே." தம்பி மனைவியும் தன் பையை அவர் தோளில் மாட்டினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷன்மார்களை விலக்கிவிட்டு, இருவரும் குனிந்தார்கள். ஷட்டர் ஒரு முறை முனகி, தடதடவென்று மேலே போனது. அடுக்கி வைத்திருந்த டம்ளர்கள்மேல் வெயில் விழுந்து கடை முழுவதும் கண் கூசியது. கல்லாவுக்குப் பின்னால் ஒரே ஒரு புது நாற்காலி, காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது. ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். தூக்கியவர்தான் உட்கார வேண்டும் என்ற அப்பாவின் சட்டத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூத்தவரின் மனைவி உள்ளே போய், காகிதத்தைக் கிழித்துப் போட்டு, முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஷட்டர் முன்னால் அண்ணன் தம்பிக்குள் கைகலப்பு நடந்ததாகவும், பெண்கள் புகுந்து விலக்கிவிட்டுக் கடையைப் பறித்துக்கொண்டதாகவும் தபால் இன்றுவரை பட்டுவாடா செய்துவருகிறார். கைகலப்பு எதுவும் நடக்கவில்லை. ஷட்டர் கனமாக இருந்தது.